பூ வெறும் பூ அல்ல

நயாகரா அருவியில் விக்டோரியா காலச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பதற்காகவே ஹோடினோஷோனி (இரோகுவா எனப்படும் வட அமெரிக்கப் பழங்குடிக் கூட்டமைப்பு) பெண்கள் பாசிமணியில் பூக்களைத் தைத்தார்கள், அது ஐரோப்பிய ரசனையின் நகல் என்று நான் படித்த ஒரு கட்டுரை முடிவுகட்டிவிடுகிறது. பாதி உண்மை. கண்ணாடி மணியும் வெல்வெட்டும் கடல் தாண்டி வந்தவைதான். தையல் ஊசிகளைக் குத்திவைக்கும் சிறு மெத்தைகள் ஆயிரக்கணக்கில் விற்றதும் சரிதான். ஆனால் எந்தச் செடியைத் தைப்பது என்பதை வாடிக்கையாளரா தீர்மானித்தார்?

ஸ்ட்ராபெரியைப் பாருங்கள். உலகம் தோன்றியபோது வானுலகத்திலிருந்து விழுந்த பெண் கையில் பற்றிக்கொண்டு வந்த செடிகளில் அதுவும் ஒன்று என்று அம்மக்களின் பல கதைகள் சொல்கின்றன. அவர்கள் நம்பிக்கையில், இறந்தவர் செல்லும் வழியின் ஓரத்திலும் அதுவே காய்க்கிறது. ஆண்டின் முதல் பழம் என்பதால் ஜூன் மாதத்தில் அதற்குத் தனி நன்றி விழா உண்டு. வாங்கிப்போன சீமாட்டிக்கு அது அழகான சிவப்புப் பழம், அவ்வளவே.

1849-இல் அமெரிக்க மானிடவியலாளர் லூயிஸ் மார்கனுக்காக, ஹோடினோஷோனி இனங்களில் ஒன்றான செனகாவைச் சேர்ந்த கரோலின் பார்க்கர் தைத்த பாவாடையின் மூலையில் ஒரு பெரிய செடி கிளைத்து நிற்கிறது. அக்கதைகளில் வானுலகின் நடுவே நிற்கும் மரத்தை அதில் காண்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படித்தான் படுகிறது. கரோலினுடைய சகோதரரின் பேரனும் ஆய்வாளருமான ஆர்தர் பார்க்கர் 1912-இல் இந்த வடிவங்களை விளக்கி எழுதினார்: வெளிப்புறம் சுருளும் கொடி உயிரைக் குறிக்கும், உட்புறம் சுருண்டால் உறக்கம் அல்லது மரணம். ஒரு சுருளின் திசையில் இவ்வளவு இருக்கிறது. கட்டுரையாளர் அதை 'அலங்கார வளைவு' என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டாரே!