தெருச் சண்டைக்கு தெருவிலேயே ஒரு மேசை வேண்டும்

மேல் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கீழ் வீட்டுச் சுவரில் இறங்குகிறது. சரிசெய்யும் செலவு யாருடையது? சென்னையில் அடுக்குமாடியில் குடியிருக்கும் எல்லோருக்கும் இந்தச் சண்டை தெரியும். இதற்கு வக்கீல் நோட்டீஸ், சிட்டி சிவில் கோர்ட், வாய்தாவுக்கு மேல் வாய்தா என்று போனால் எப்போது முடியும்? முடிந்தாலும் நாளைக்கு அதே மாடிப்படியில்தானே இரண்டு குடும்பமும் ஏறி இறங்க வேண்டும்?

2005லேயே உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் தொடங்கிய ஊர் இது. ஆனால் அங்கே பெரும்பாலும் வழக்கு போட்ட பிறகுதான் போகிறோம். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய படி. 2023 சமரசச் சட்டத்தில் அது இருக்கிறது. அக்கம்பக்கத்தாரின் அமைதியைக் கெடுக்கும் தகராறு என்றால், இரு தரப்பும் முதலிலேயே சம்மதித்து சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனு கொடுக்கலாம் என்கிறது அந்தச் சட்டம். மூன்று சமரசர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். குடியிருப்போர் நலச் சங்கத்துக்காரரும் அதில் இருக்கலாம்.

இதைச் சொன்னதும் "அப்போ கட்டப்பஞ்சாயத்தா?" என்று கேட்கிறார்கள். பயம் நியாயமானது. 2011ல் உச்ச நீதிமன்றமே கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதம், அவற்றை ஒழிக்க வேண்டும் என்று சொன்னது. வாடகைக்காரரைக் காலி செய்ய ஆள் அனுப்புவதை நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். கடற்கரைக் குப்பங்களில் வலைக்கும் படகுக்கும் வரும் சண்டையை ஊர்ப் பஞ்சாயத்து சட்டென்று முடித்துவைக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் அங்கே உட்காருபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மறுத்துப் பேசினால் ஊரை விட்டு ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சமும் இருக்கிறது.

என் அளவுகோல் ஒன்றுதான்: பிடிக்கவில்லை என்றால் எழுந்து போக முடிகிறதா? வாடகைக்கு இருப்பவர், வீட்டு வேலை செய்யும் அக்கா, ஒற்றைப் பெண்மணி, இவர்கள் "எனக்குச் சம்மதமில்லை" என்று சொல்லிவிட்டு மறுநாளும் அதே தெருவில் நிம்மதியாக நடக்க முடிய வேண்டும். முடியாத இடத்தில் நடப்பது மிரட்டல்தான்.

சட்டம் பெண்களின் பிரதிநிதித்துவத்தைக் 'கருத்தில் கொள்ளலாம்' என்பதோடு நிறுத்திவிட்டது. போதாது. மூவரில் ஒருவராவது பெண் என்பது கட்டாயமாக வேண்டும். அடிதடி, வரதட்சணை, சாதிக் கொடுமை இந்த மேசைக்கு வரவே கூடாது. அடிபட்டு வந்த பெண்ணிடம் "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்ல இன்னொரு இடத்தைத் திறந்துவிடக் கூடாது.

இங்கே எழுதும் உடன்பாட்டுக்கு கோர்ட் தீர்ப்பின் பலம் இல்லை என்பது உண்மை. தண்ணீர்க் கசிவுக்கும் பார்க்கிங்குக்கும் மாடியில் துணி காயப்போடுவதற்கும் அந்தப் பலம் தேவையில்லை என்பேன். பெரிய தொகை கைமாறுகிறது என்றால் மக்கள் நீதிமன்றத்துக்குப் போங்கள். அங்கே பேசி முடித்தது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீலும் கிடையாது.

மாநகராட்சிக்கு 200 வார்டுகள் இருக்கின்றன. வேலைக்குப் போகிறவர்களும் வரும்படி, மாலை நேரத்தில் வார்டு அலுவலகத்திலேயே இந்த மேசையைப் போடச் சொல்லி உங்கள் கவுன்சிலரிடம் கேளுங்கள். நானும் கேட்கப் போகிறேன்.