“வெறும் எக்ஸெல்தானே” என்று சொல்லாதீர்கள்

சம்பளத்துக்குக் கணினி நிரல் எழுதுகிறவன் நான். “அது புரோகிராமா? வெறும் எக்ஸெல்தானே” என்று எங்கள் ஆட்கள் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. நானும் அப்படிச் சொன்னவன்தான்.

முன்பு வேலை பார்த்த இடத்தில், கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் ஒரு ஷீட் வைத்திருந்தார். ஒரே செல்லுக்குள் ‘இப்படி இருந்தால் அப்படிச் செய்’ என்னும் இஃப் ஏழு, நடுவில் வேறு பட்டியலில் தேடி எடுத்துவரும் விலுக்கப் (VLOOKUP) இரண்டு. அதை எடுத்துவிட்டு ‘முறையான’ சாஃப்ட்வேர் எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான்கு மாதம் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே கேட்டார்: “தம்பி, மஞ்சள் எங்கே?”

பணம் வந்து ரசீது வராமல் இருந்தால் அந்த வரியை மஞ்சளாக்கி வைப்பாராம். மாதக் கடைசியில் மஞ்சளை மட்டும் ஃபில்டர் போட்டு, ஒவ்வொருவராக போனில் பிடிப்பார். என் டேட்டாபேஸில் அப்படி ஒரு நிலைக்கு இடமே வைக்கவில்லை. அவர் வேலை செய்யும்போது ஒரு நாள்கூட நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

1979-ல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் விசிகால்க் என்ற ஸ்பிரெட்ஷீட் மென்பொருளைக் கொண்டுவந்தார்கள். ஒரு செல்லை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாம் தானாக மாறும். கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) என்ற சொல்லையே கேட்டிராதவர்கள் அன்றிலிருந்து நிரல் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு ஃபார்முலா என்று பெயர், அவ்வளவுதான்.

தப்பு நடக்காதா என்றால், நடக்கும், பெரிதாகவே நடக்கும். 2020-ல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றுகள் கணக்கில் வராமல் விடுபட்டன. தரவை ஏற்றியது எக்ஸெல்லின் பழைய வடிவமான எக்ஸ்எல்எஸ் ஃபைலில்; அதில் 65,536 வரிகளுக்கு மேல் நிற்காது. உள்ளே வந்த வரிகளும் வெளியே போன வரிகளும் ஒன்றா என்று ஒரு சோதனை இருந்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். நிரலை டெஸ்ட் செய்வது, பழைய வெர்ஷனைச் சேமித்து வைப்பது, இன்னொருவரைப் பார்க்கச் சொல்வது எல்லாம் எங்கள் தொழில் பல முறை அடிபட்டுக் கற்றவை. அவற்றை நாங்களே வைத்துக்கொண்டு, இல்லாதவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. இன்னொரு தப்பையும் பாருங்கள்: மார்ச்1 (MARCH1) என்ற மரபணுப் பெயரை எக்ஸெல் தேதியாக்கிவிடும். கடைசியில் மரபணுவின் பெயரைத்தான் மாற்றினார்கள். அதில் தவறு ஆராய்ச்சியாளருடையதா, கருவி செய்த எங்களுடையதா?

இப்போது ஏஐயிடம் சொல்லி யார் வேண்டுமானாலும் நிரல் வாங்கலாம். அதைச் சரிபார்க்கத் தெரிந்தவரின் துணை இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

அந்த மாதக் கடைசியில் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பழைய ஷீட்டையே திரும்ப எடுத்து, இரண்டு பக்கத்துக் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பாகும் செல் ஒன்றைச் சேர்த்தோம். அடுத்த வாரம் இன்னும் மூன்று ஷீட்டில் அவரே அதைப் போட்டிருந்தார்.