தங்கைக்கும் பங்கு உண்டு
சொத்துத் தகராறில் நீதிமன்றம் போகுமுன் சமரசம் பேசிப் பாருங்கள் என்கிறது ஒரு கட்டுரை. ரொம்பச் சரி. மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அப்பா சேமநிதிப் பணத்தில் வாங்கிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குத்தான் சண்டையே. உயில் இருக்காது. கிராண்ட், அதாவது நிலப்பட்டா, அப்பா பெயரிலேயே கிடக்கும். அண்ணன் குடியிருந்து வீட்டுவரி கட்டுவார். "கட்டிக்கொடுத்தாச்சே, உனக்கென்ன பங்கு?" என்று தங்கையின் வாயை அடைப்பார்கள். உயில் இல்லாவிட்டால், 1958 பகிர்வுச் சட்டப்படி முஸ்லிம் அல்லாத நம் குடும்பங்களில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. இதைத் தெரிந்துகொண்டு பேசினால்தான் அது சமரசம். அண்ணன் கட்டிய வரி, அம்மாவைப் பார்த்துக்கொண்டது எல்லாவற்றையும் அங்கே சொல்லலாம். சமரசம் செய்பவர் தீர்ப்புச் சொல்லமாட்டார், முடிவு நம்முடையது. அப்புறம், கோயில் தலைவர் முன்னால் வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். முறையான சமரசத்தில் எழுதிக் கையெழுத்திட்டால், 2012 சமரசச் சட்டப்படி அது கையெழுத்திட்ட எல்லாரையும் கட்டுப்படுத்தும்.