சங்கிலியின் நீளம் நாலடி

நேற்று இரவு எங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்சாப் குழுவிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். ஏன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை மத்தியானம், சங்கிலியில் கட்டிச் சூட்டில் துவண்டு கிடந்த நாய்க்குக் கூட நின்று தண்ணீர் ஊற்றியவர்களும் இதைப் படிப்பீர்கள். அந்த வீட்டு நம்பரையோ பெயரையோ நான் எழுதப்போவதில்லை. நான் குழுவில் போட்டது ஒரே வரி: "நாய்க்குச் சோறு போட்டால் மட்டும் போதாது, தினமும் நடக்கக் கூட்டிப் போங்கள்." இதற்குத்தான் இத்தனை பேச்சு.

சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். சோறு மட்டும் போதாது.

அன்றைக்குப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மணி இரண்டு இருக்கும். தகரக் கூரை போட்ட போர்ச். சங்கிலி கேட் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி இறுகிப்போய், நாலடி இருந்தது ஓரடியாகிவிட்டது. தண்ணீர்க் கிண்ணம் ஒரு சாண் தள்ளி இருந்தது, நிறையத் தண்ணீரோடு. நாய் பக்கவாட்டில் கிடந்து முன்காலால் சிமெண்டைப் பிராண்டிக்கொண்டே இருந்தது. நாக்கு கருஞ்சிவப்பாகிக் கயிறு கயிறாக எச்சில். நமக்குப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அதற்கு உடம்புச் சூடு சாதாரணமாகவே 38லிருந்து 39 டிகிரி இருக்கும். கிளினிக்கில் பார்த்தபோது 41ஐத் தாண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டது. மறுநாள் காலையில் அதே கம்பத்தில், அதே சங்கிலியில் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அந்த வரியை எழுதினேன்.

"காவலுக்குத்தானே வளர்க்கிறோம், அவிழ்த்துவிட்டால் எப்படி?" என்று ஒருவர் கேட்டார். அவிழ்த்துவிடச் சொல்லவில்லையே! கயிறு போட்டு அரை மணி நேரம் நடத்திக் கூட்டி வரச் சொன்னேன். நாள் முழுக்க ஒரே இடத்தில் கிடக்கும் நாய் காற்றுக்கும் குரைக்கும், தபால்காரருக்கும் குரைக்கும், திருடனுக்கும் குரைக்கும். கொஞ்ச நாளில் அந்தக் குரைப்பை வீட்டுக்காரர்களே காதில் வாங்குவதில்லை. இதில் காவல் எங்கே இருக்கிறது?

"வேலை முடிந்து வருவதற்கே ஏழு மணி, இதில் நாய்க்கு வாக்கிங் வேறா?" சரி, இது நியாயமான கேள்வி. நானும் பினாங்கின் பிறை வட்டாரத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போய் வருகிறவள்தான். காலை ஆறரைக்கு, இருட்டு முழுதாக விலகுமுன் இருபது நிமிடம். இரவு ஏழரைக்கு மேல் அரை மணி. நடுவில் கூட்டிப் போகவே கூடாது. புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஆறேழு விநாடி எண்ணிப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் முடியாது.

எங்கள் வீட்டிலும் டைகர் என்று ஒரு நாய் இருந்தது. எனக்கு அப்போது பத்து வயது, அப்பா லோரி ஓட்டினார். கொய்யா மரத்தில் கட்டியிருப்போம். மரத்தைச் சுற்றி வட்டமாகப் புல்லே முளைக்காது, அது நடந்து நடந்து தேய்த்த மண். மீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த மிச்சச் சோறு, நாங்கள் குடித்தது போக மிச்ச மைலோ. யார் வந்தாலும் பாயும், எங்களுக்கு அதில் பெருமை. ஒரு மாதம் சரியாகச் சாப்பிடாமல் படுத்தே கிடந்தது. காதுக்குள் உண்ணி கொத்துக் கொத்தாக இருந்ததை அப்போதுதான் பார்த்தோம். அப்பா மண்ணெண்ணெய் தடவினார். வாயைத் திறந்து பார்த்தால் ஈறு வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. வயதாகிவிட்டது என்று சொல்லிப் புதைத்தோம். அதற்கு ஐந்து வயதுதான் ஆகியிருந்தது.

அது உண்ணிக் காய்ச்சலாக இருந்திருக்க வேண்டும் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. மண்ணெண்ணெய் தோலை எரிக்கும், மைலோவில் இருக்கும் கொக்கோ நாய்க்கு ஆகாது என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அப்பா கெட்டவர் இல்லை. சோறு போட்டோம், வளர்த்தோம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

இன்று என் நாய் சுட்டிக்குக் கயிறு மாட்டும்போது தினமும் கை அதன் கழுத்தில் போகிறது, காது மடலைப் புரட்டுகிறது, கால் விரல் இடுக்கைத் தடவுகிறது. உண்ணி ஒன்று ஏறினாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். நடையில் கொஞ்சம் நொண்டினாலும் தெரியும். நடக்கக் கூட்டிப் போகச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று சோற்றைத் தள்ளிவிட்டுப் போனால் எதுவும் தெரியாது.

செலவு பற்றிக் கேட்டவர்களுக்கு: ஊசிக்கும் உண்ணி மருந்துக்கும் பணம் ஆகும்தான். கொசு கடித்து இதயப்புழு வரும், அதற்கும் மாதாமாதம் மருந்து உண்டு. 2015ல் இங்கே வெறிநாய்க்கடி நோய் வந்து, தெருநாய்களைக் கொல்ல உத்தரவு போட்ட நாட்களை பினாங்குக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். ஆனால் நடப்பதற்கு ஒரு காசு ஆகாது.

"மலாய்க்காரர்கள் இருக்கும் இடத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு சுற்றுவதா?" இதைச் சொன்னது நம் ஆள்தான். நான் முஸ்லிம்கள் தொழும் சூராவ் பக்கமே போவதில்லை, பையும் தண்ணீர் போத்தலும் இல்லாமல் வெளியே இறங்குவதில்லை. மூலை வீட்டு மக்சிக், அந்த மலாய் அம்மா, தூரத்தில் நின்று சுட்டி எப்படி இருக்கிறது என்று கேட்பார். அவர் வீட்டில் ஆறு பூனைகள். போன வருடம் ஒரு கடுவன் பூனை மணல் தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. மலச்சிக்கல் என்று விடாமல் அப்போதே தூக்கிக்கொண்டு ஓடினார். மூத்திரம் அடைத்திருந்தது. இரண்டு நாள் விட்டிருந்தால் செத்திருக்கும். தினமும் சாயங்காலம் ஒரு குச்சியில் கயிற்றைக் கட்டி அந்தப் பூனைகளை ஓட ஓட விளையாட வைப்பார், அப்புறம்தான் சாப்பாடு. அவரிடமிருந்து எனக்கு ஒருநாளும் ஒரு கெட்ட வார்த்தை வந்ததில்லை.

வந்தது நம் குழுவிலிருந்து. "பிள்ளை குட்டி இல்லாதவர்களுக்கு நாய்தான் பிள்ளை" என்று ஒருவர் எழுதினார். பதினோரு பேர் சிரிப்புப் படம் போட்டார்கள். அதில் நான்கு பேர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சும்மா டியூஷன் எடுத்திருக்கிறேன். எனக்குப் பிள்ளை இருந்திருந்தால் வெயிலில் கிடக்கும் நாய்க்குச் சூடு குறைந்துவிடுமா? எனக்குப் பிள்ளை இல்லாததற்கும் அந்தக் கிண்ணம் ஒரு சாண் தள்ளி இருந்ததற்கும் என்ன சம்பந்தம்? இரண்டு நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதில் எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது.

புகார் கொடுக்கப் போகிறேனா என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். மலேசியாவின் 2015 விலங்கு நலச் சட்டத்தில் கொடுமைக்கு இருபதாயிரம் வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு, மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. தெரிந்தேதான் போகவில்லை. அந்த வீட்டம்மா செவ்வாய்க்கிழமை ஈரத் துணியோடு என் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன்.

அதனால் அவருக்கு மட்டும் சொல்கிறேன், யாராவது காட்டினால் படிப்பார். அக்கா, என்னைக் குழுவில் திரும்பச் சேர்க்க வேண்டாம். அந்தக் கம்பத்திலிருந்து மாற்றிப் பின்பக்க மாமர நிழலில் விடுங்கள். தண்ணீரை இரண்டு இடத்தில் வையுங்கள். நடத்திக் கூட்டிப் போக வீட்டில் ஆள் இல்லை என்றால் கேட் பக்கம் கயிற்றோடு நிறுத்தி வையுங்கள். நான் ஏழரைக்கு அந்த வழியாகத்தான் போகிறேன்.