வரைபடத்தில் பூங்கா, நேரில் வாட்டர் சர்வீஸ்

மனை வாங்கப் போனால் என்னவெல்லாம் பார்க்கிறோம்! பட்டா, வில்லங்கம், தாய்ப்பத்திரம், தண்ணீர் உப்பா இல்லையா, வாசல் எந்தப் பக்கம். எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் விவசாயம் என்று சென்னைக்கே வகைபிரித்து வைக்கும் மாஸ்டர் பிளானில் அந்த சர்வே நம்பரும் அதன் அக்கம்பக்கமும் எந்த வகைப்பாட்டில் இருக்கின்றன என்று பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். நானும் பார்க்கவில்லை.

எங்கள் லேஅவுட் வரைபடத்தின் ஜெராக்ஸ் ஒன்று வீட்டில் இருக்கிறது. வடகிழக்கு மூலையில் சாய்கோடு போட்டு 'பூங்கா' என்று எழுதியிருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் ஒரு டிரான்ஸ்பார்மர், யாரோ கொட்டிய கட்டட இடிபாடு, அப்புறம் தகர ஷெட்டில் பைக் கழுவும் வாட்டர் சர்வீஸ். 10,000 சதுர மீட்டருக்கு மேல் லேஅவுட் போட்டால் சாலை போக மிச்சத்தில் 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளிக்கு எழுதிக் கொடுத்தே ஆகவேண்டும், இதைத்தான் ஓஎஸ்ஆர் நிலம் என்பார்கள். எழுதிக் கொடுத்ததோடு சரி, வேலி போட்டு அதைக் காப்பாற்ற யாருக்கும் நேரமில்லை.

சென்னைக்குத் திட்டமே இல்லை என்று சொல்லாதீர்கள். 1975-லேயே முதல் மாஸ்டர் பிளான் வந்துவிட்டது. கொத்தவால் சாவடி காய்கறி மொத்த வியாபாரம் ஜார்ஜ் டவுனை விட்டு வெளியே போகவேண்டும் என்று அப்போது போட்ட கணக்குதான் 1996-இல் கோயம்பேடு சந்தையாக வந்து நின்றது. இருபது வருடத்துக்கு மேல் ஆனாலும் நடந்தது. ஆனால் 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. தென்மாவட்டத்திலிருந்து விடிகாலையில் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குகிறவர், ஊருக்குள் போக இன்னொரு பேருந்தைத் தேடி நின்றார். ஒரே ஊர்தான், ஒரு துறை போடும் திட்டத்தை இன்னொரு துறை பார்ப்பதில்லை.

எனக்கு இதைவிடப் பெரிய கடுப்பு நில உபயோக மாற்றம். 2008-இல் வந்த இரண்டாவது திட்டம் 2026 வரைக்கும் என்று ஊரையே வகைபிரித்து வைத்தது. அதில் விவசாயம் என்றிருக்கும் நிலத்துக்கு ஒருவர் விண்ணப்பம் போடுவார், செய்தித்தாளில் பொடி எழுத்தில் அறிவிப்பு வரும், ஆட்சேபணை சொல்ல ஆளிருக்காது, குடியிருப்பாக மாறிவிடும். ஒவ்வொன்றும் சட்டப்படிதான். ஆனால் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு வரத்துக்கால் ஓரமாக இப்படிப் பத்து சர்வே நம்பர் மாறினால் தண்ணீர் எந்த வழியாகப் போகும்?

இது புதுப் பழக்கமும் இல்லை. 1920களில் ஏரியைத் தூர்த்துத்தான் தி.நகர் வந்தது. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் நுங்கம்பாக்கம் ஏரியில்தான். அந்தப் பக்கம் வீட்டு விலாசத்தில் இன்னமும் 'லேக் ஏரியா' என்றே எழுதுகிறார்கள், தபால்காரரும் சிரிக்காமல் கொண்டுபோய்க் கொடுக்கிறார்.

இப்போது மூன்றாவது திட்டம், 2046 வரைக்கும். சென்னைப் பெருநகர எல்லையையும் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக 2022-இல் விரித்துவிட்டார்கள். அந்தக் கூடுதல் பரப்பில் இருக்கும் ஏரி, தாங்கல், மேய்க்கால் புறம்போக்கெல்லாம் இன்றைக்கும் ரியல் எஸ்டேட் கண்ணுக்குக் காலி இடம். சர்வே நம்பர் வாரியாக, தமிழில், நாம் படிக்கிற மாதிரி வரைபடம் வெளியிடச் சொல்லிக் கேட்கவேண்டிய நேரம் இது.

நேற்று இதையே சுருக்கி எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரே ஒரு பதில் வந்தது: "சார், அந்தப் பூங்கா இடத்துல கார் நிறுத்திக்கலாமா?"