ஊரே பச்சை, மனசு ஏன் வாடுகிறது?

மலேசியாவில், நம் சுங்கை சிப்புட் பக்கம் யாராவது மனச்சோர்வு என்று வாய் திறந்தால், "சுத்தியும் செம்பனை, நல்ல காத்து, உனக்கு என்ன குறை?" என்கிறோம். பேச வந்தவர் அதோடு அடங்கிவிடுகிறார். இதை நாம் நிறுத்தியே ஆக வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் எண்ணெய்ப்பனைக் குலை வெட்டுகிறவருக்கு அந்தப் பச்சை வேலையிடம், முதுகுவலி. இயற்கை மனசை ஆற்றும், உண்மை. ஆனால் அதற்கும் அளவு உண்டு.

2019ல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரை வைத்துச் செய்த ஆய்வில், வாரம் 120 நிமிடமாவது பசுமையான இடங்களில் இருந்தவர்களே நலமாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். காரணம் அதுதான் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. இருந்தாலும் நல்ல இலக்கு: நாளுக்கு 20 நிமிடம், ஆறு நாள்.

சோர்ந்தவருக்கு 20 நிமிடமே மலை. முதல் வாரம் 5 நிமிடம், வாசல் வரை போதும். "மனசு வந்தா போறேன்" என்றால் நடக்காது. அந்த மனசைத்தான் நோய் பறித்து வைத்திருக்கிறது. கால் முதலில் போகட்டும். காலை ஏழரை மணி நல்ல நேரம். அந்த வெளிச்சம் இரவுத் தூக்கத்தையும் சீராக்கும். சப்பாத்து போட்டு மண்சாலை நடுவிலேயே நடங்கள். எலியைத் தேடி நாகம் வரும், மட்டையில் முள் இருக்கும். சாலையில் நின்றபடியே ஓரத்துச் செம்பனை ஒன்றைப் பாருங்கள்: மட்டை வெட்டிய அடிக்கட்டைகளில் பெரணி முளைத்து, இலையின் அடியில் பழுப்புப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். அதை எண்ணும் நேரத்தில், ஒரே கவலையில் சுற்றும் நினைப்பு கொஞ்சம் அறுபடும்.

இது மருந்துக்குப் பதில் இல்லை. இரண்டு வாரமாகத் தூக்கம், பசி, எதிலும் ஆசை கெட்டிருந்தால் அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). தைராய்டு, இரத்தசோகையும் இப்படிச் சோர்வைக் காட்டும், இரத்தப் பரிசோதனை கேளுங்கள். செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரை வேலை காட்ட இரண்டு முதல் ஆறு வாரம் ஆகலாம். முதல் வாரக் குமட்டலுக்குப் பயந்து பத்தாம் நாளே நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். நிறுத்துவதானால் டாக்டர் சொல்படி மெல்லக் குறைத்துத்தான். சாராயம் தூக்கத்தையும் மனசையும் சேர்த்தே கெடுக்கும்.

வாழப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் மறைக்காதீர்கள். தற்கொலை முயற்சி 2023லிருந்து நம் நாட்டில் குற்றமில்லை. மனசு விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் (Befrienders) உதவி எண் 03-7627 2929 இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் ஹீல் (HEAL) 15555, அவசரத்துக்கு 999. அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டில் களைக்கொல்லி இருந்தால் இன்றைக்கே வெளியே கொண்டுபோய்ப் பூட்டி, சாவியை வேறு ஒருவரிடம் கொடுங்கள்.