என் பெயருக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, போதுமா?

சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இரும்புப் பெட்டி இல்லை. தலையில் 'லாஸ்ட் நேம்' என்று எழுதி, பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் குத்திய பெட்டி.

அம்மா இதுவரை விமானம் ஏறியதில்லை. இந்த வருஷம் எப்படியாவது அந்தமான் கூட்டிப்போய்விட வேண்டும் என்று நானும் மனைவியும் லீவு சொல்லி, ஆபீஸில் வாங்க வேண்டிய பேச்சையெல்லாம் வாங்கி முடித்திருந்தோம். டிக்கெட் போடுவதுதான் பாக்கி. அம்மாவின் ஆதாரில் பெயர் 'செல்லம்மாள்'. அவ்வளவுதான். இனிஷியல்கூடக் கிடையாது. அதைத்தானே அடிக்க முடியும்? அடித்தேன். கடைசிப் பெயர் கட்டாயம் என்றது. சரி, அப்பாவின் இனிஷியல் 'எம்' போட்டேன். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது. புள்ளி வைத்தேன். செல்லாத குறி என்றது. வெறும் ஸ்பேஸ் தட்டினேன், அதையும் கண்டுபிடித்துவிட்டது. இந்தக் கூத்துக்கு நடுவில் மூலையில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் முடிந்துபோய், பக்கம் புதிதாகத் திறந்தபோது ஆளுக்கு 640 ரூபாய் ஏறியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பெட்டியிலும் செல்லம்மாள் என்றே அடித்தேன். திருமதி செல்லம்மாள் செல்லம்மாள். எடுத்துக்கொண்டது. இது மட்டும் எப்படிடா உண்மையான பெயராகத் தெரிகிறது உனக்கு?

எனக்கு வயிற்றெரிச்சல் ஏன் கூடுதல் என்றால், இந்தப் பெட்டிகளைக் கட்டுகிறவனே நான்தான். பன்னிரண்டு வருஷமாக வலைத்தளம் கட்டித்தான் சோறு சாப்பிடுகிறேன். அந்தச் சிவப்பு நட்சத்திரத்துக்குப் பின்னால் இருப்பது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, 'ரிக்வயர்டு' என்ற ஒற்றைச் சொல். ஆங்கிலத்தில் எட்டு எழுத்து. பேக்ஸ்பேஸை எட்டு தடவை தட்டினால் என் அம்மா அவர் பெயரிலேயே விமானம் ஏறலாம். தட்டத்தான் ஆளில்லை.

இதைப் பற்றிப் புலம்பினால், "பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை சர்நேமாகப் போட்டுவிட வேண்டியதுதானே" என்று யாராவது ஒருவர் யோசனை சொல்வார். போட்டிருக்கிறேன், ஐயா. போட்டதால் வந்த வினையையும் கேளுங்கள்.

என் பெயர் இளங்கோ. அப்பா முருகேசன். பள்ளிச் சான்றிதழில் மு. இளங்கோ. பாஸ்போர்ட்டில் முதற்பெயர் இளங்கோ, குடும்பப் பெயர் முருகேசன். வேலையில் சேர்ந்த அன்று சான்றிதழைப் பார்த்துப் பதிந்தவர், இனிஷியல் முன்னால் இருப்பதால் அதை விரித்து முதல் பெட்டியில் போட்டுவிட்டார். ஆகவே ஆபீஸ் கணினிக்கு நான் 'முருகேசன்', கடைசிப் பெயர் 'இளங்கோ'. மாற்றச் சொல்லி மூன்று தடவை எழுதினேன். வருமான வரிக்கணக்கு, வருங்கால வைப்பு நிதி, பாஸ்போர்ட் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், இப்போது கைவைத்தால் சிக்கல் என்று சொல்லிவிட்டார்கள். பான் எண்ணில் ஐந்தாவது எழுத்து இருக்கிறதே, தனிநபருக்கு அது குடும்பப் பெயரின் முதல் எழுத்து. என் கார்டில் அங்கே 'எம்' உட்கார்ந்திருக்கிறது. குடும்பப் பெயராம். அப்பா அதைக் கேட்டிருந்தால், "நான் எப்படா குடும்பம் பூராவுக்கும் பேரானேன்" என்று சிரித்திருப்பார்.

அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. காலையில் மடிக்கணினியைத் திறந்தால் "ஹாய் முருகேசன்" என்று நாலு மெயில் நிற்கும். எழுதிய நிரல்களைத் தொகுக்கிற பில்டு உடைந்தால் முருகேசனுக்குத்தான் எச்சரிக்கை போகிறது. டெக்சாஸில் இருக்கிற வாடிக்கையாளர், ஸ்டாண்டப் என்கிற தினசரிக் கூட்டத்தில் "முருகேசன், நேற்று என்ன செய்தாய்?" என்று அன்பாகக் கேட்பார். முதல் சில வாரம் அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் முதுகு நிமிர்ந்துவிடும். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் கணக்கெழுதிய மனுஷர். செத்தும் டைப்ஸ்கிரிப்ட் மொழியில் நிரல் எழுத வைத்துவிட்டார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நமக்குக் குடும்பப் பெயர் இல்லாதது மறதியால் இல்லை. இருந்ததை வேண்டாம் என்று விட்டவர்கள் நாம். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டொழிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். மேடையிலேயே பட்டத்தை உதறியவர்கள் உண்டு. சாதி போய்விட்டதா என்று கேட்காதீர்கள், அது வேறு குமுறல், அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். ஆனால் பெயர்ப்பலகையிலிருந்தாவது இறங்கியது. நம் தாத்தாக்கள் பாடுபட்டுக் காலி செய்த இடத்தில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, நிரப்பு என்கிறான். ஒரு தடவை காப்பீட்டுக்காகப் பேசிய வாடிக்கையாளர் சேவைத் தம்பி, "சர்நேம் இல்லையா சார்? பரவாயில்லை, கேஸ்ட் நேம் ஏதாவது இருந்தா சொல்லுங்க, அதைப் போட்டுக்கறேன்" என்றான். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, எனக்கு உதவி செய்கிறானாம். போனை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அதே காப்பீட்டுத் தளத்தில் குடும்ப உறுப்பினரைச் சேர்க்கப் போனால், மனைவியின் கடைசிப் பெயரை அதுவே நிரப்பிக்கொண்டது. முருகேசன். கலியாணமாகியும் தன் அப்பாவின் இனிஷியலைத்தான் வைத்துக்கொள்வேன் என்று நின்றவள் அவள். அவளைக் கேட்காமல் மாமனார் பெயரைச் சூட்டிவிட்டார்கள், அழிக்கவும் முடியவில்லை, பெட்டி சாம்பல் நிறத்தில் உறைந்து கிடக்கிறது. அவள் ஒரு பார்வை பார்த்தாள். கட்டியவன் நானில்லை என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

இதெல்லாம் நம் ஒருவர் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். இந்தோனேசியாவின் முதல் அதிபருக்கு சுகர்ணோ என்ற ஒற்றைப் பெயர்தான். 1961-லிருந்து 1971 வரை ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட் பர்மாக்காரர், அவர் பெயர் வெறும் தாண்ட், 'ஊ' என்பது நம் 'திரு' மாதிரி மரியாதைச் சொல். உலகத்துக்கே பஞ்சாயத்து பார்த்த மனுஷர், இன்றைக்கு வந்தால் ஒரு பஸ் டிக்கெட் போட முடியாது. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்கு நம்மைப்போலவே குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் பின்னால் வரும், தொலைபேசிப் புத்தகம் அச்சான காலத்தில் அதையே முதல் பெயர் வரிசையில்தான் அடுக்கினார்கள். அமெரிக்க விசாவில் முதற்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் 'எஃப்என்யூ' என்று அடித்துவிடுவார்கள், முதற்பெயர் தெரியாது என்பதன் சுருக்கம். படிக்கப் போன என் கல்லூரித் தோழன் ஒருவனைப் பேராசிரியர் வருகைப் பதிவில் "ஃப்னூ" என்று கூப்பிட்டாராம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் வர முடியாது என்று அறிவித்தபோது எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் அழுகை. அப்புறம், வேறு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் சரி என்று தளர்த்தினார்கள்.

இத்தனைக்கும், வலைத்தளம் எப்படிக் கட்ட வேண்டும் என்று விதி வகுக்கிற எச்டிஎம்எல் தர ஆவணத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. பெயரைத் துண்டு துண்டாக வாங்காதே, துண்டுப் பெட்டிகளில் மேற்கத்தியச் சாய்வு இருக்கிறது, பல நாட்டில் ஒற்றைப் பெயர்தான், ஆகவே ஒரே பெட்டியாக வை என்ற பொருளில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆதாரிலும் பெயருக்கு ஒரே கட்டம்தான். அத்தனை கோடிப் பேரை ஒரே கட்டத்தில் அடக்க முடிகிறது, அறுபது சீட்டு பஸ்ஸுக்கு இரண்டு கட்டம் வேண்டுமாம்.

இந்த ஆவணத்தை எடுத்துக்கொண்டு போன மாதம் எங்கள் டீம் மீட்டிங்கில் பேசினேன். பதிவுப் படிவத்தில் 'முழுப்பெயர்' என்று ஒரே பெட்டி போதும் என்றேன். டிசைனர், "ஃபிக்மா வரைபடத்தில் இரண்டு பெட்டி இருக்கிறது" என்றார். அதை வரைந்ததே அவர்தான். மேனேஜர், "இளங்கோ, வாடிக்கையாளரின் சிஆர்எம் தரவுத்தளத்தில் கடைசிப் பெயர் இல்லாவிட்டால் பதிவே ஏறாது" என்றார். சரி, பின்னால் நாமே ஒரு கோடு போட்டு நிரப்பி அனுப்பலாமே என்றேன். "அதுக்குத் தனி எஸ்டிமேட் போடணும்." ஒரு கோட்டுக்கு எஸ்டிமேட்! அப்படியே விட்டோம். அந்தப் படிவத்தில் ரிக்வயர்டு என்று அடித்த விரல் என்னுடையது. யாரோ ஒரு செல்லம்மாளின் மகன் அங்கே உட்கார்ந்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பான்.

இனித் தமிழில் பெயர் அடிக்கலாமா என்று பார்ப்போம். பார்க்கவே வேண்டாம். முக்கால்வாசித் தளங்களில் பெயரைச் சோதிக்கிற ரெஜெக்ஸ் என்ற எழுத்து விதி, ஏ முதல் இசட் வரை மட்டும்தான் எழுத்து என்று நம்புகிறது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், வலைத்தள நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டுக்கு 2018-ல் வந்த, எல்லா மொழி எழுத்தையும் பட்டியலிடும் யூனிகோட் வசதியைப் பிடித்துக்கொண்டு, 'எந்த மொழி எழுத்தானாலும் சரி' என்று எழுதிவிட்டுத் தோளைத் தட்டிக்கொள்வார்கள். அங்கேயும் நமக்கு ஆப்பு. யூனிகோடில் 'க' எழுத்து. ஆனால் கொம்பு, கால், கொக்கி, புள்ளி எல்லாம் 'குறி' என்ற தனி வகை. அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் தமிழில் 'கமல' மாதிரி புள்ளியும் துணைக்காலும் இல்லாத பெயர்களுக்கு மட்டும் அனுமதி. புதிதாகச் சேர்ந்த ஒரு பையனின் நிரலில் இதைக் காட்டினேன். "அண்ணா, நான் ஜெர்மன், பிரெஞ்சு பேரெல்லாம் டெஸ்ட் பண்ணினேனே" என்றான். அவன் பெயர் பூபாலன். சொந்தப் பெயரைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

எண்ணிக்கையும் அப்படித்தான். இளங்கோ என்றால் நமக்கு நாலு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் ஆறு என்னும். இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்து உருவான 'கோ' என்றால் ஏழு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் வேறு வேறு ஆள் என்று சாதிக்கும். இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் நார்மலைஸ் என்று ஒரு வரி சேர்த்தால் தீரும் வியாதி. சேர்க்க மாட்டார்கள். தமிழ் எழுத்தை எழுத்தாக எண்ணிக்கொடுக்கிற செக்மென்ட்டர் வசதி குரோமில் 2020-லேயே வந்துவிட்டது, பயர்பாக்ஸில் 2024-ல் வந்தது. நாலு வருஷம் காத்திருந்து கடைசியில் எல்லா உலாவியிலும் கிடைத்தால், அதைப் பயன்படுத்த ஆளைக் காணோம். அம்மாவுக்கு ஒரு செயலியில் தமிழில் கணக்குத் திறந்துகொடுத்தேன். முகப்படம் இல்லாதவர்களுக்கு வட்டத்துக்குள் முதல் எழுத்து வரும் அல்லவா? 'செ' வர வேண்டிய இடத்தில் 'ச' என்று நின்றது. கொம்பைப் பிடுங்கிவிட்டார்கள். "இது யாருடா, சரோஜாவா?" என்றார் அம்மா. சரோஜா எங்கள் எதிர்வீடு, இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

அந்தமான் கதையை முடித்துவிடுகிறேன். போகும் டிக்கெட்தான் செல்லம்மாள் செல்லம்மாள். திரும்பி வருவதற்கு வேறொரு தளத்தில் விலை குறைவாக இருந்தது. அதே தந்திரத்தைப் போட்டேன். "முதல் பெயரும் கடைசிப் பெயரும் ஒன்றாக இருக்கக் கூடாது" என்று சிவப்பில் வந்தது. யாரோ ஒருவன் உட்கார்ந்து யோசித்து, மெனக்கெட்டு இதற்கும் ஒரு சோதனை எழுதியிருக்கிறான். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆத்திரத்தில் கடைசிப் பெயர்ப் பெட்டியில் 'அம்மா' என்று அடித்தேன். எடுத்துக்கொண்டது. மூன்று நாள் அலையில் கால் நனைத்துவிட்டு, திரும்பும் நாளில் விமான நிலைய வாசலில் வரிசையில் நிற்கும்போதுதான் எனக்கு உதறல். ஆதாரில் செல்லம்மாள், டிக்கெட்டில் செல்லம்மாள் அம்மா. பொருந்தவில்லை என்று நிறுத்தினால் என்ன சொல்வது? காவலர் டிக்கெட்டைப் பார்த்தார், கார்டைப் பார்த்தார், அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். நம் பக்கத்துக்காரர்போல. "செல்லம்மாள் அம்மா, நீங்க போங்கம்மா" என்றார். அடுத்து என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "முருகேசன் யாரு?" என்றார்.